கைநாட்டு வைத்த மாணவி

மனோதத்துவம் படித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே சொன்னது. இரண்டு வருடம் படித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரிக்குத்தான் அது நான் சேருவதற்கு முன்பிருந்தே இருந்தது.

ஒருங்கிணைந்த சமுதாயக் கல்லூரி என்று அதற்குப் பெயர். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்கச் சாமான் அடுக்கி வைத்த கிடங்கில் நடந்தது. இன்று போய்த் தேடினால் கிடைக்காது. தேடவும் வேண்டாம், தேடுகிறவர்களுக்குத் தனி விண்ணப்பம் இருந்தாலும் இருக்கும்.

1979-ல் அதைத் திறந்தார்கள். இங்கே இரண்டு வருடம் படித்தால், தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் மீதி இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம் என்பது ஏற்பாடு. திறப்பு விழாவில் கல்லூரி முதல்வர் சக்கரபாணி முக்கால் மணி நேரம் பேசினார். "அமெரிக்காவில் பதினைந்து நாள் சுற்றுப்பயணம் செய்தபோது ஒரு சமுதாயக் கல்லூரியின் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போக நேரம் இல்லை. ஆனால் அந்த வாசலைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதே போன்ற வாசலைத்தான் இங்கே கட்டியிருக்கிறோம்" என்றார். வாசல் நன்றாகத்தான் இருந்தது. பணம் அத்தோடு தீர்ந்துபோனதால் பெஞ்சுகள் ஆறு மாதம் கழித்து வந்தன.

என் அப்பா அம்மாவாசை ஒரு நூல் மில்லில் நூற்பு வேலை பார்த்தார். பெண்பிள்ளைக்கு மேல்படிப்பு எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனால் எதையும் ஷிப்டுக் கணக்கில்தான் யோசிப்பார். "ரெண்டு வருசம் தர்றேன். எம்பத்தொன்னு ஜூலை இருவதுக்குள்ள பெரிய காலேஜுல எடம் வந்துடணும். வரலன்னா இருவத்தொன்னு காத்தால ஷிப்டுல நூல் சுத்தப் போவணும், மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிட்டேன்" என்றார். நான் சரி என்றேன். மில்லுக்குள் ஒரு தடவை போயிருக்கிறேன், சாப்பாடு கொடுக்க. திரும்பி வந்து இரண்டு நாள் காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தது. அங்கே போகக் கூடாது என்பதற்காகவே நான் எதையும் படிக்கத் தயாராக இருந்தேன்.

சேரும்போது பதினான்கு பேர் இருந்தோம். முதல் பருவம் முழுவதும் துறைக்குப் பெயர்ப்பலகை எழுதுவதில் போயிற்று. உளவியல் என்று ஒரு கட்சி, மனோதத்துவம் என்று ஒரு கட்சி, மனவியல் என்று ஒரே ஒருவர் கட்சி. நான்கு கூட்டம் போட்டார்கள். கடைசியில் யார் மனமும் புண்படக் கூடாது என்று பலகையில் 'துறை' என்று மட்டும் எழுதி மாட்டினார்கள். தபால்காரர் இரண்டு வருடமும் அங்கே மின்சாரத் துறைக் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னோடு சேர்ந்தவர்களில் ஒன்பது பேர் மனோவசியம் கற்றுக்கொள்ள வந்தவர்கள். முதல் பாடம் 'இலக்கணம்: உளவியல் என்றால் என்ன' என்று ஆரம்பித்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஆறு பேர் போய்விட்டார்கள், பொங்கலுக்கு நாலு பேர். மறு வருடம் கல்லூரி திறந்தபோது மீதி மூன்று பேரும் வரவில்லை, வகுப்பில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஒருத்திதானே என்று விதி எதையும் தளர்த்தவில்லை. அகர வரிசைப்படிதான் உட்கார வேண்டும், உட்கார்ந்தேன். வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்தது, நான் நின்றேன். வேட்பாளர் ஓட்டுப் போடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆகவே எனக்கு ஒரு ஓட்டும் விழவில்லை, போதிய ஆதரவு பெறாததால் தோல்வி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன.

பாடம் நடத்தியவர் விரிவுரையாளர் அரிகிருஷ்ணன். துறைத்தலைவரும் அவரே. பழைய நோட்டு ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மாணவ மாணவிகளே" என்று தொடங்கி, மணியடிக்கும் வரை வாசிப்பார். இரண்டு வருடத்தில் அவர் முகத்தின் மேல்பாதியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என்னுடைய எந்தப் பாதியையும் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வருகைப் பதிவேடு இருந்தது. நல்ல தடித்த அட்டை, சிவப்புத் துணி ஒட்டியது. அழுக்காகிவிடும் என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தினமும் வருகையைத் துண்டுச்சீட்டில் எழுதுவார்கள், பிறகு பதிவேட்டில் ஏற்றலாம் என்று. அந்தச் சீட்டுகளில் கடைநிலை ஊழியர் வடிவேல் வறுகடலை மடித்து வைத்துச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அது ஒரு பெரிய விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் செய்முறைப் பாடம். எலியை வளைந்து வளைந்து போகிற ஒரு மரப்பெட்டிக்குள் விட்டு, அது வழி கற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி வந்துவிட்டது. எலி வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்றார்கள். பெரிய மார்க்கெட்டில் எலி விற்பவர் யாரும் இல்லை. எலிப்பொறி விற்பவர் ஒருவர் இருந்தார். பொறி ஒன்று வாங்கினால் எலிகள் தாமாகவே செலவில்லாமல் வந்து சேரும் என்று கொள்முதல் குழு முடிவு செய்தது. அது புத்திசாலித்தனம் என்று நானும் நினைத்தேன்.

எலி அகப்பட்டது. ஆனால் பாடத்திட்டத்தில் வெள்ளெலி என்றிருந்தது, இது சாதாரணக் கறுப்பு. சுண்ணாம்பு அடிக்கலாமா என்று அரிகிருஷ்ணன் சார் எழுதிக் கேட்டார். அரசுக் கட்டடத்துக்குள் சுண்ணாம்பு அடிக்கும் வேலை பொதுப்பணித் துறைக்கு மட்டுமே உரியது என்று பதில் வந்தது. பதில் வருவதற்குள் எலி வெளியே வந்து, எலி வாங்கிய கோப்பைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. எலி தொடர்பாக இனி எதுவும் எழுத முடியாது, ஏனென்றால் முன்கோப்பு இல்லை.

ஆகவே சோதனைகளை மனிதர்மேல் செய்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். சோதிக்கப்படுபவர் கடைசிவரை அதே ஆளாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லாரிடமும் கேட்டேன். பைத்தியம் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் வரவில்லை. அம்மாவுக்கு மீன் போடுகிற வீராயி அக்காதான் வந்தது.

வீராயி அக்கா கனகசெட்டிக்குளத்து ஆள். விடிந்ததும் கூடையோடு பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு, மீந்ததை முத்தியால்பேட்டைத் தெருக்களில் கூவிக்கொண்டே ஊர் திரும்பும். வயது நாற்பதுக்குக் கிட்டே. "உக்காந்தா போதுமா? உக்காரவே எடம் கெடைக்கல பாப்பா எனக்கு, வர்றேன்" என்றது. வாரம் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, வெறுங்கூடையைக் கல்லூரி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து ஜம்மென்று உட்காரும்.

விளக்கு எரிந்ததும் எத்தனை நொடியில் கை தட்டுகிறார் என்று அளக்கும் சோதனை முதலில். நிறுத்துக்கடிகாரம் விலையுயர்ந்தது என்பதால் முதல்வர் அறைப் பெட்டகத்தில் இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொன்னார்கள், அதில் நொடிமுள் கிடையாது. வீராயி அக்கா இருபது தடவையும் பூஜ்ய நிமிடத்தில் கை தட்டியது.

அடுத்து மைக்கறைப் படம். பத்து அட்டையில் ஒன்பது தணிக்கைக்குப் போய்த் திரும்பவில்லை. மீதி ஒன்றைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டேன். "திருக்கை" என்றது. தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது செத்த திருக்கை, நேத்து புடிச்சது, வாங்காத" என்றது. அரிகிருஷ்ணன் சார் அந்தப் பதிலை வைத்து, இவருக்கு இளமையில் தந்தையோடு தீராத பகை என்று ஆறு பக்கம் எழுதச் சொன்னார். வீராயி அக்காவிடம் கேட்டேன், அப்பாவைப் பார்த்ததே இல்லை என்றது. ஆறு பக்கமும் எழுதினேன்.

ஆனால் கனவு, பயம், ஞாபகம் என்று கேள்வி கேட்கிற சோதனைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவற்றில்தான் எனக்கு இந்தப் படிப்பின்மேல் உண்மையாகவே ஆசை வந்தது. கேள்வி புத்தகத்திலிருந்தது. பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சில நாள் பதிலை எழுத மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மணி அடித்துவிடும்.

பதிவுக் குறிப்பேட்டுக்கு விதி இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே சோதிக்கப்படுபவர் மையில் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும். சோதனை செய்த மாணவர் தன் பெயரைப் பென்சிலில் எழுத வேண்டும். துறைத்தலைவர் ஒப்புதல் அளித்த பிறகுதான் அதை மையில் எழுதலாம். துறைத்தலைவர் ஒப்புதலை வருடக் கடைசியில் மொத்தமாக அளிப்பதாகச் சொல்லியிருந்தார். வருடக் கடைசியில், குறிப்பேடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டார். வடிவேல் அண்ணன் ஒரு முழு ரப்பர் கட்டியைத் தேய்த்து, குறிப்பேட்டில் இருந்த பென்சில் எழுத்தெல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார். நல்ல உழைப்பாளி.

அதன் பிறகு குறிப்பேடு தலைமை எழுத்தர் மிசே அந்துவானின் மேசைக்குப் போயிற்று. மிசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ஆட்சியிலேயே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இருபது வருடம் பிறந்தவர்களையும் செத்தவர்களையும் எழுதியவர். ஒப்பம் இல்லாத ஆள் ஆளே இல்லை என்பது அவர் கொள்கை. மாற்றல் பட்டியல் தயாரிக்க அவர் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். பூட்டைத் திறந்து கொடுத்தார்கள், வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். இருபத்து நான்கு சோதனை, இருபத்து நான்கு கைநாட்டு, பக்கத்தில் மையில் ஒரே பெயர்.

1981 ஜூலை எட்டாம் தேதி எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. மார்க்கெட்டில் வீராயி அக்காவுக்கு வந்தது. கல்லூரிக்காரர்கள் அக்காவின் மேல்விலாசம் விசாரித்து மீன் கடைக்கே அனுப்பியிருந்தார்கள். செல்வி வீராயி அவர்களுக்கு உளவியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, விடுதி வசதியும் உண்டு, ஜூலை இருபதுக்குள் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்றிருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, யாராவது படித்துச் சொல்லுங்கள் என்று நின்றது.

நான்தான் படித்தேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் அவர் என்னைத்தான் பார்த்தார். "ரெண்டு வருசமா காத்தால கெளம்பி நீ எங்க போன அஞ்சலாட்சி?" என்று மெல்லக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று அழுத அழுகையை நான் எந்தச் சோதனைக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை.

மறுநாள் மிசே அந்துவானிடம் போனேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து, உன் ஒப்பம் எங்கே இருக்கிறது, காட்டு என்றார். எல்லாப் பக்கத்திலும் பென்சில் தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. தடத்தைக் காட்டினேன். "தடத்தை நாங்க எழுதறதில்ல" என்றார். நான் இரண்டு வருடம் தினமும் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாண்டிப் போனவங்க எத்தனையோ பேர். ஆனா மீன் வாசனையோட ஒரு அம்மா வாரா வாரம் வந்துச்சே, அத நானே மூக்கால பாத்தேன். அப்பவே மெமோ போடச் சொன்னேன். மெமோ நகல் இருக்கு. உனக்கு ஒரு மெமோவாவது இருக்கா?" என்றார்.

இல்லை. நான் ஒழுங்காக இருந்துவிட்டேன்.

அரிகிருஷ்ணன் சார் சொன்னால் சரியாகிவிடும் என்று துறைக்கு ஓடினேன். அவர் முதல் தடவையாக நோட்டைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். உன் குரல் கேட்ட குரலாக இருக்கிறது, முகம் புதிது என்றார். நான் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாதே அம்மா. தான் ஒரு மாணவி என்று திடமாக நம்புவது, ஆதாரம் காட்டியும் அந்த நம்பிக்கை மாறாதது, மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து தன்னை அழித்துவிட்டார்கள் என்று சொல்வது, இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது. புத்தகம் அலமாரியில் பூட்டியிருக்கிறது, இல்லையென்றால் சொல்லிவிடுவேன். இந்த நோய் உள்ளவர்கள் பாடத்தைக்கூட ஒப்பிப்பார்கள்" என்றார். அவர் நடத்திய பாடத்தை அப்படியே ஒப்பித்துக் காட்டினேன். பார்த்தாயா என்று தலையை ஆட்டினார்.

கடைசியாக முதல்வர் சக்கரபாணி. அவருக்கு என்மேல் இரக்கம் இருந்தது, மறுக்க மாட்டேன். உட்காரச் சொன்னார். "நீ சொல்வதை நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கல்லூரி தப்பு செய்தது என்று ஆகும். தப்பு செய்த கல்லூரியிலிருந்து வந்த மாணவியைப் பல்கலைக்கழகம் எடுக்குமா? எடுக்காது. ஆக, உனக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் உனக்கு இடம் கிடைக்கக் கூடாது. புரிகிறதா? இந்தக் கல்லூரி இரண்டு வருடம் பாடுபட்டு ஒரு மாணவரை உருவாக்கியிருக்கிறது. அவர் யார் என்பது சின்ன விஷயம். ஒருவர் இருக்கிறார் என்பதுதான் சாதனை" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். செய்முறைத் தேர்வுச் செலவில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இதற்கிடையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மாணவிக்கு நாற்பது வயது என்று படிவத்தில் இருந்ததால் நேரில் விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. ஜூலை இருபதாம் தேதி, திங்கட்கிழமை, மத்தியானம். அப்பா அன்று காலை மில்லுக்குப் போகும் முன் என் நீல நிறச் சீலையைக் காட்டி, நாளைக்கு இதைக் கட்டாதே, நூல் தூசு ஒட்டினால் போகாது என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. நான் வாசலில் நின்று அவர் சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் யாரும் இல்லையே. வீராயி அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. துணைக்கு வந்தவர் என்று மிசே அந்துவான் எழுதிக்கொண்டார். இரண்டு வருடத்தில் என் பெயர் அந்தக் கல்லூரியில் மையில் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதிகாரி மரியாதையான மனிதர். வயதை விட்டுவிட்டு, உளவியலில் இரண்டு வருடமாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று நேராகக் கேட்டார். வீராயி அக்கா கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான் ஒன்னும் கத்துக்கல சார். இந்தப் பாப்பா கேட்டுச்சி, நான் சொன்னேன். இன்னா கனா கண்டே, எத்தப் பாத்தா பயம், கடசியா எப்ப அழுதே, இப்படி. கட்டனவன் ஒரு நாள் கேட்டதில்ல. பெத்ததுங்களுக்கும் கேக்கத் தோணல. எனக்கே தெரியாது சார், எனக்குள்ள இவ்ளோ இருக்குதுன்னு. கேக்குறதுதான் படிப்புன்னா படிச்சது இதுதான். நான் வாயத் தொறந்தேன், அவ்ளோதான்."

முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: மாணவி மிகுந்த தன்னடக்கம் உடையவர். தத்துவத்தைச் சொந்த அனுபவத்திலிருந்து விளக்கும் அரிய திறமை பெற்றவர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. சேர்க்கை உறுதி.

எல்லாரும் கை தட்டினார்கள். மிசே அந்துவான் மைப்பெட்டியைத் திறந்து ஒப்புதல் படிவத்தை வீராயி அக்கா முன்னால் நகர்த்தினார். மணி நாலே கால். நாளைக் காலை ஷிப்டு ஏழு மணிக்கு. எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது, துணைக்கு வந்தவருக்கு நாற்காலி கிடையாது.

வீராயி அக்கா கட்டைவிரலை மையில் தோய்க்கவில்லை. கையைச் சீலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டது.

"வெக்க மாட்டேன்" என்றது.

முதல்வர் விளக்கினார். கெஞ்சினார். விடுதியில் இலவசச் சாப்பாடு என்றார். அக்கா அசையவில்லை. மணி நாலரை ஆயிற்று. அதிகாரி, ஒப்பம் இல்லையென்றால் இந்தக் கல்லூரியிலிருந்து மாற்றல் பெற்ற மாணவர் யாரும் இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். முதல்வர் முகம் வெளுத்தது. மாணவரே இல்லாத கல்லூரிக்கு மானியம் எதற்கு, முதல்வர் எதற்கு, துறைத்தலைவர் எதற்கு என்று அடுத்த வரி தானாக வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அரிகிருஷ்ணன் சார்கூட நோட்டை இறக்கிவிட்டார்.

வீராயி அக்கா எழுந்து கூடையை இடுப்பில் வைத்தது. "பாப்பா கையெழுத்துப் போடட்டும், நான் ஒதுங்கிக்கறேன். இல்லாட்டி எல்லாரும் சேந்து நிக்க வேண்டியதுதான். வஞ்சிரம் அரைக் கூடை மார்க்கெட்டுல அப்படியே கெடக்குது, நான் போவணும்" என்றது.

அப்போதுதான் மிசே அந்துவான் தொண்டையைக் கனைத்தார். படிவத்தில் இருக்கிற பெயரை அடிக்க முடியாது, அடித்தால் திருத்தம், திருத்தம் என்றால் தப்பு என்றார். ஆனால் ஒருவர் தன் பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. அவர் பழைய வேலையில் தினமும் பத்துப் பேருக்குச் செய்து கொடுத்ததுதான் அது. வீராயி என்பவர் இன்று முதல் அஞ்சலாட்சி என்றும் அழைக்கப்படுவார் என்று ஒரு வரி எழுதினால் போதும். யாரும் தப்பு செய்யவில்லை, எதுவும் அழிக்கப்படவில்லை.

"ரெண்டு பேரு இருக்காங்களே மிசே" என்றார் வடிவேல் அண்ணன், தண்ணீர் கொடுக்க வந்தவர்.

"கோப்பில் ஒருத்தர்தான்" என்றார் மிசே அந்துவான்.

முதல்வர் எழுந்து நின்று, சமுதாயக் கல்லூரி என்பதன் உண்மையான பொருள் இப்போதுதான் விளங்குகிறது, சமுதாயத்தில் இரண்டு பேர் ஒருவராகும் இடமே அது என்று பேசத் தொடங்கினார். அதிகாரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பெயர் சேர்ப்பதற்குச் சம்மதமாக ஒரே ஒரு கைநாட்டு வேண்டும் என்றார்கள். வீராயி அக்கா என்னைப் பார்த்து, "இத்த வெச்சா உனக்கு எடம் வருமா?" என்று கேட்டது. வரும் என்றேன். நன்றாகத் தோய்த்து அழுத்தி வைத்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். நின்றுகொண்டே போட்டதால் கோணலாக விழுந்தது. மிசே அந்துவான் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இப்போது ஆள் இருக்கிறது என்றார்.

அப்பாவிடம் படிவ நகலைக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முழுவதும் படித்துவிட்டு, மேஸ்திரி வீட்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், நாளைக்கு ஆள் வராது என்று சொல்ல.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் என்னை வீராயி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் உள்ளேன் ஐயா என்றேன். 1983-ல் பட்டம் வாங்கினேன். வாங்கிய மறுநாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வீராயி அக்கா சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் கை கழுவி, சீலையில் துடைத்து, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவித் துடைத்தது. பிறகுதான் வாங்கியது.

"எம்பேரு எங்க கீது?"

விரலை வைத்துக் காட்டினேன். முதலில் வீராயி, பிறகு என்கிற, பிறகு அஞ்சலாட்சி.

அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. மீன் கேட்டு வந்த ஒரு அம்மாளை நிற்கச் சொன்னது. "உம்பேரு பின்னாலதான் வருதா?" என்றது என்னிடம். "வுடு, நீ சின்னவதானே."